தம்பி வண்டிக்கு அண்ணன் இன்ஜின்

பியூஜோ 205 ஜிடிஐ-யின் பானெட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜின் நேராக நிற்காது. சாய்வு நாற்காலியில் சாய்ந்த தாத்தாவைப் போல, பின்பக்கமாக 30 டிகிரி சரிந்து கிடக்கும். அந்தச் சின்ன இடத்துக்குள் அதைவிட வலுவான ஓர் இன்ஜினை எப்படி உட்கார வைக்கிறார்கள், அதற்காக வண்டியில் வேறு எதையெல்லாம் மாற்றுகிறார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நாற்பது வயதை ஒட்டிய ஒரு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை கிடையாது என்று நம்புகிறவன் நான். செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

‘ஹாட் ஹேட்ச்’ என்பது காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் செய்த சின்னக் குடும்பக் காரில் துடிப்பான இன்ஜினை வைத்த வகை. 1976-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறனோடு வந்து இந்த வகையை ஊர் அறியச் செய்தது. 1984-இல் பிரான்ஸிலிருந்து 205 ஜிடிஐ வந்தது. முதலில் 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன். 1986-இல் அது 115 ஆனது. அதே ஆண்டின் முடிவில் 1.9 லிட்டர் இன்ஜின் 130 குதிரைத்திறனோடு சேர்ந்துகொண்டது. எடை 900 கிலோவைச் சுற்றித்தான். இன்றைய சின்ன கார்கள் பலவும் இதைவிடக் கனமானவை.

இந்த வண்டிக்கு ஓர் அண்ணன் உண்டு. 1980-களின் பிற்பகுதியில் வந்த 405 செடானின் எம்ஐ16 மாடல். அதன் இன்ஜினும் 1905 சிசிதான். பிஸ்டனின் குறுக்களவு 83 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 88 மில்லிமீட்டர். இரண்டு அளவுகளும் 205-இன் 1.9 இன்ஜினில் இருப்பவையேதான். வித்தியாசம் எல்லாம் மேலே, ஹெட்டில். 205-இல் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், எட்டு வால்வு. எம்ஐ16-இல் இரண்டு கேம்ஷாஃப்ட், பதினாறு வால்வு. காற்று உள்ளே போகவும் புகை வெளியே வரவும் வழி அகலமானதால், அதே கொள்ளளவில் 160 குதிரைத்திறன் கிடைத்தது. சிட்ரோயன் பிஎக்ஸ் 16 வால்வு மாடலிலும் இதே இன்ஜின்தான்.

ஒரு குதிரைத்திறன் எத்தனை கிலோவை இழுக்கிறது என்று கணக்குப் போட்டால் விஷயம் சட்டென்று விளங்கும். 205-இன் 1.9 மாடலில் சுமார் 7 கிலோ. 1100 கிலோவை ஒட்டிய 405 எம்ஐ16-இலும் கிட்டத்தட்ட அதே 7 கிலோ. அதே இன்ஜினைத் தம்பியின் உடம்பில் வைத்தால் 5.6 கிலோவாக இறங்கிவிடுகிறது. வண்டியின் குணமே மாறும் அளவுக்குப் பெரிய இறக்கம் இது.

இது பட்டறைக்காரர்களின் விபரீத ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். 205-இன் அடித்தளத்தை வைத்தே பியூஜோ செய்த 309 காரில், கம்பெனியே இந்தப் பதினாறு வால்வு இன்ஜினை வைத்து ‘309 ஜிடிஐ 16’ என்று ஐரோப்பாவில் விற்றது. ஒரே குடும்பத்து இன்ஜின் என்பதால் கியர்பாக்ஸின் போல்ட்டுகள் பொருந்துகின்றன, தாங்கும் மவுண்டுகளும் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காருகின்றன. இன்ஜின் மாற்ற நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குதிரைத்திறன் பட்டியலைப் பிறகு பார்க்கலாம், முதலில் உங்கள் வண்டியின் உறவுக்காரர்களில் யாராவது வலுவானவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். அந்நிய இன்ஜினை வைத்தால் மவுண்டை வெல்டிங் செய்ய வேண்டும், டிரைவ்ஷாஃப்டை லேத்தில் கொடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும், ஸ்டியரிங்குக்கு இடம் விட வேண்டும். ஒவ்வொன்றும் அடுத்த ஒன்றை இழுத்துக்கொண்டு வரும்.

பொருந்தாதது ஒன்று உண்டு, வயரிங். பழைய எட்டு வால்வு இன்ஜினில் பெட்ரோலை அளந்து தெளிப்பது பாஷ் ஜெட்ரானிக். ஸ்பார்க் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வேறு ஏற்பாடு. எம்ஐ16-இல் இரண்டையும் பாஷ் மோட்ரானிக் என்ற ஒரே கணினிப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. பிளைவீல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு சென்சார் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இன்ஜினை மட்டும் வாங்கி வந்தால் போதாது. கணினிப் பெட்டி, சென்சார்கள், அவற்றின் முழு வயர் கட்டு எல்லாம் அதே வண்டியிலிருந்து கழற்றி வர வேண்டும். வயரைக் கட்டரால் நறுக்கித் தருகிறவரிடம் வாங்காதீர்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் பேப்பர் ஒட்டி, எது எங்கே போகிறது என்று எழுதிய பிறகே கழற்ற வேண்டும். இந்த ஒரு மாலை வேலையைச் சோம்பலில் விட்டவர்கள் பின்னால் பல வாரங்கள் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இனி, இந்த இன்ஜினின் பலவீனமான இடம். எம்ஐ16-ஐக் கொல்வது வேகமல்ல, வளைவு. இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி, அதாவது சம்ப், அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கிறது. ஓடும் பஸ்ஸில் மடியில் சாம்பார் தூக்கை வைத்துக்கொண்டு பயணம் செய்தவர்களுக்கு இது புரியும். பஸ் திரும்பும்போது சாம்பார் ஒரு பக்கமாக ஏறி நிற்கும். டயரின் பிடி நன்றாக இருந்து, புவியீர்ப்புக்குச் சமமான விசையோடு வண்டி திரும்பினால், எண்ணெயின் மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். நீளமான வளைவு ஒன்றில் சில வினாடிகள் அப்படியே போனால் போதும். எண்ணெய் எல்லாம் ஓர் ஓரத்தில் குவிய, உறிஞ்சும் குழாயின் வாய் வெறுங்காற்றில் நிற்கும். பம்ப் காற்றை அனுப்பும். கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் பேரிங்குகளுக்கும் கிராங்கிற்கும் நடுவே நிற்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகமும் உலோகமும் உரசும். முதலில் டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்தின் முள் ஒரு கணம் விழுந்து எழும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த முறை இன்ஜினுக்குள் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்கும்.

இதற்கு மருந்து எளிது. சம்புக்குள் தடுப்புத் தகடுகளை வைத்து, எண்ணெய் ஓரத்துக்கு ஓடாதபடி அறை அறையாகப் பிரித்துவிடுவார்கள். இன்ஜின் வெளியே தரையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். வண்டிக்குள் ஏற்றிய பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, பிளாக். இது அலுமினியத்தில் வார்த்தது. உள்ளே பிஸ்டன் ஓடும் லைனர்கள் தனித்தனி உருளைகளாக, கூலன்ட்டில் நனைந்தபடி நிற்கின்றன. எடை குறைவு, வண்டியின் மூக்கு கனக்காது, நல்லது. ஆனால் முந்தைய உரிமையாளர் கூலன்ட்டுக்குப் பதிலாகப் பைப் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் அலுமினியம் அரித்திருக்கும், லைனரின் அடியில் இருக்கும் சீல் தளர்ந்திருக்கும். முப்பத்தைந்து ஆண்டு பழைய இன்ஜினை ஹெட் கழற்றிப் பார்க்காமல் வைப்பது சூதாட்டம். டைமிங் பெல்ட்டும் அதே பெல்ட்டில் சுழலும் வாட்டர் பம்ப்பும் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பதினாறும் வளைந்தால் அந்த ஹெட்டுக்குப் பதில் இன்னொன்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எம்ஐ16 அருகிவருவதால் பலர் இப்போது 306 ஜிடிஐ-6 காரின் இன்ஜின் பக்கம் போகிறார்கள். 1998 சிசி, 167 குதிரைத்திறன், ஆறு கியர். பிளாக் வார்ப்பிரும்பு, அடி வாங்கும், லைனர் கவலை இல்லை. ஆனால் கனம். 205 என்பது வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கத்தைச் சட்டென்று வெளியே வீசும் குணமுள்ள வண்டி. மூக்கில் எடை கூடினால் அந்தத் துல்லியம் மழுங்கும். கோல்ஃபின் இரண்டாம் தலைமுறையில் 2.8 லிட்டர் விஆர்6 ஆறு சிலிண்டர் இன்ஜினை வைப்பவர்களும் இதே விலையைத்தான் கொடுக்கிறார்கள். நேர் சாலையில் அது இனிமையான இன்ஜின், சத்தமே போதும். வளைவில் முன்சக்கரங்கள் முனகும். நான் தேர்ந்தெடுப்பதானால், தினமும் ஓட்ட ஜிடிஐ-6, வளைவுக்காக ஓட்ட எம்ஐ16.

சரி, இன்ஜினை வாங்குமுன் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்ல மறக்கக் கூடாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்தடி பின்னால் போய் நின்று பின்சக்கரங்களைப் பாருங்கள். சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்து, கால் வளைந்தவர் நிற்பதுபோலத் தெரிகிறதா? பின் ஆக்ஸில் குழாய்க்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். 205-களில் மிகப் பரவலான நோய் இது. தண்ணீர் புகுந்து, துருப் பிடித்து, ஷாஃப்டையும் தின்றுவிடும். 105 குதிரைத்திறனுக்கே ஆபத்தான அந்த ஆக்ஸிலை வைத்துக்கொண்டு 160-க்குப் போவதில் அர்த்தமில்லை.

அடுத்து பிரேக். வேகம் 100-இலிருந்து 120 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதில்லை, 44 சதவீதம் கூடுகிறது. 1.6 மாடலில் பின்னால் டிரம் பிரேக்தான். 1.9-இல் நான்கு சக்கரத்திலும் டிஸ்க். 1.6-இல் இன்ஜின் மாற்றுகிறவர் 1.9-இன் பின் ஆக்ஸிலையே முழுதாக வாங்கிவிட்டால் பேரிங், பிரேக் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். முன்னால் உள்ள 247 மில்லிமீட்டர் டிஸ்க்குக்குப் பதில், அதே குடும்பத்துப் பெரிய கார்களின் டிஸ்க்கையும் காலிப்பரையும் போடுகிறார்கள். அதற்கு 15 அங்குல வீல் தேவைப்படலாம். ரேடியேட்டர், ஹோஸ், ஃபேன் எல்லாம் புதிதாக இருப்பது நல்லது. இதில் விளக்க ஒன்றுமில்லை.

சட்டத்துக்கு வருவோம். பிரிட்டனில் இன்ஜின் எண்ணோ கொள்ளளவோ மாறினால் வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்தே ஆக வேண்டும். அங்கே பெரிதும் மாற்றிய வண்டிகளுக்கு மதிப்பெண் முறை இருந்தது. பழைய அடையாளத்தோடு நீடிக்க எட்டுப் புள்ளி வேண்டியிருந்தது. பாடி அல்லது சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங்குக்கு தலா 2, இன்ஜினுக்கு வெறும் 1. ஆகவே அந்தக் கணக்கில் இன்ஜின் மட்டும் மாறினால் வண்டி தன் அடையாளத்தை இழக்கவில்லை. பாடியை வெட்டினால்தான் சிக்கல் வந்தது.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். 205 இங்கே விற்பனைக்கு வரவில்லை. அதன் உறவான 309 மட்டும் 1990-களில் பிரீமியர் நிறுவனத்தின் கல்யாண் ஆலையில் சில காலம் தயாரானது. அதிலும் ஜிடிஐ இன்ஜின் இல்லை. வண்டியை உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் இன்ஜின் எண் பதிவாகியிருக்கிறது. எந்தக் காராக இருந்தாலும், ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதன் துணைப் பாகங்கள், பிராக்கெட்டுகள், வயர்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து ஓரமாகப் பத்திரப்படுத்துங்கள். பிறந்தபோது இருந்த அதே எண் இன்ஜினோடு இருக்கும் 205 ஜிடிஐ-க்கு ஐரோப்பிய ஏலங்களில் இன்று நல்ல விலை. நாளை அந்த வண்டி உங்கள் கையிலிருந்து போகும்போது, அந்தப் பெட்டியும் கூடவே போகட்டும்.