வீட்டுத் தொழில் செய்பவர் படுத்துவிட்டால்?

தஞ்சை மாவட்டத்துச் சிறு விவசாயி வீட்டிற்கு நெல் வருமானம் குறுவைக்கு ஒரு முறை, சம்பா அல்லது தாளடிக்கு ஒரு முறை என்றுதான் வரும். இடைப்பட்ட மாதங்களில் அடுப்பு எரிவது கொல்லையில் நிற்கும் இரண்டு கறவை மாடுகளாலும், சில வீடுகளில் கீற்றுக் கொட்டகையில் தொங்கும் காளான் படுக்கைகளாலும்தான். இவற்றைப் பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருவரே கவனித்து வருகிறார். பால் கறப்பது, தீவனம் வைப்பது, சங்கத்தில் ஊற்றுவது, பாக்கிகளை நினைவில் வைப்பது எல்லாம் அவரே. அவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் தொழில் என்ன ஆகும் என்று நல்ல நாளில் யாரும் யோசிப்பதில்லை.

ஊர் முழுவதற்கும் புயலோ வெள்ளமோ வந்தால் கணக்கெடுப்பு, நிவாரணம் என்று ஏதாவது ஒன்று நடக்கும். ஒரே வீட்டிற்கு வரும் ஆபத்தை அந்த வீடேதான் சமாளிக்க வேண்டும். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் கேட்க வேண்டியதில்லை. சம்பா நடவில் கைப்பணம் கரைந்திருக்கும். அறுவடைக்குத் தை வர வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு அஞ்ச வேண்டியதும் இந்த ஈர மாதங்களில்தான்.

மாட்டிற்குக் கை பழக வேண்டும்

கறவை மாடு பழகிய கைக்குத்தான் பாலை முழுவதுமாக இறக்கும். புது ஆள் உட்கார்ந்தால் மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் தேங்கினால் மடிநோய்க்கு வழி ஏற்படுகிறது. ஆகவே வாரத்தில் இரண்டு வேளையாவது வீட்டில் இன்னொருவர் கறந்து பழகுவது அவசியம். கணவரோ, மருமகளோ, அடுத்த வீட்டுக்காரரோ யாராக இருந்தாலும் சரி. ஒரே தெருவில் மாடு வைத்திருக்கும் இரு குடும்பங்கள் முறை வைத்து ஒருவர் மாட்டை மற்றவர் கறந்து பழகிக்கொள்ளலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

அடுத்த ஆபத்து சோறு. வீட்டில் துக்கமோ நோயோ நேர்ந்தால் உறவினர் கூடுவார்கள், சமைத்தது மிஞ்சும், மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதென்று மாட்டுத் தொட்டியில் கொட்டுவார்கள். பழக்கமில்லாத மாடு நிறையச் சோறு தின்றால் வயிற்றில் அமிலம் மிகுந்து, இரை எடுக்காமல் படுத்துவிடும். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். நல்லெண்ணத்தால் வரும் இந்தக் கேட்டைத் தடுக்க, எந்த மாட்டிற்கு எத்தனை படி தீவனம் என்று தொழுவத்துச் சுவரில் எழுதி வைத்தால் போதும். உடல் பராமரிப்பிற்கு 1.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் என்பது பொதுவான அளவு. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டிற்கு ஏறத்தாழ 4.7 கிலோ ஆகிறது. அத்தகைய இரண்டு மாடுகளுக்கு ஒரு மாதத் தேவை 50 கிலோ மூட்டை ஆறு.

இந்த ஆறு மூட்டையையும் முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டுமா? கோடையில் செய்யலாம். அடைமழைக் காலத்தில் கூடாது. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த தீவனம் நஞ்சாகும். மழை மாதங்களில் இரண்டு மூட்டையை மரப்பலகை மேல், சுவரில் படாமல் வைத்துக்கொண்டு, மற்ற நான்கின் விலையைத் தனியே சேமித்து வைப்பதே நல்லது.

மொய் நோட்டு உண்டு, மாட்டு நோட்டு இல்லை

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்து நாடறிந்தது. யாருக்கு எவ்வளவு செய்தோம், யார் நமக்குச் செய்தார்கள் என்பது ஆண்டுக்கணக்கில் மொய் நோட்டில் இருக்கிறது. நோட்டு எழுதியவர் மறைந்தாலும் மகன் அதைப் பார்த்துத் திரும்பச் செய்கிறான். இவ்வளவு சீராகக் கணக்கு எழுதும் வீடுகளில்கூட மாட்டிற்குச் சினை ஊசி போட்ட தேதி எழுதப்படுவதில்லை என்பது வேடிக்கைதான்.

அந்தத் தேதி தெரியாவிட்டால் நட்டம் சிறிதல்ல. பருவம் 21 நாளுக்கு ஒரு முறை வருகிறது. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் தீவனம் வீண். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு கறவையை வற்றச் செய்ய வேண்டும். சினை தேதியைத் தன் மனத்தில் மட்டும் வைத்திருந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், மற்றவர்கள் நிறைசினை மாட்டைக் கறந்துகொண்டே இருப்பார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சினை ஊசித் தேதி, காதுவில்லை எண், சங்கத்து உறுப்பினர் எண், தீவனக் கடை பாக்கி, காளான் வாங்குவோரின் பெயரும் தொலைபேசி எண்ணும், கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண், நகைக்கடன் தவணை நாள் இவை அதில் இருக்கட்டும். எண்களெல்லாம் கைபேசியில் இருக்கிறதே என்று சொல்லலாம். கைபேசி அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

மொய்யைப் பற்றி இன்னொன்று. அது முறை வரும்போது கிடைக்கும் பணம்; ஆபத்து முறை பார்த்து வருவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அப்பகுதித் தென்னைகளைச் சாய்த்தபோது, கைகொடுக்க வேண்டியவர்களும் அதே நாளில் தோப்பை இழந்து நின்றார்கள்.

காளான் கொட்டகை

பிரசவம், கண் அறுவை சிகிச்சை போன்றவை முன்பே தெரிந்து வருபவை. இவற்றிற்குச் சிப்பிக்காளான் வளர்ப்போர் படுக்கை போடும் நாளை மாற்றிச் சமாளிக்கலாம். வைக்கோலில் வித்து பரவ 15 முதல் 20 நாள் ஆகிறது. இந்த நாட்களில் படுக்கைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை, அறுவடையும் இல்லை. வெயில் படாமலும் எலி அண்டாமலும் பார்த்துக்கொண்டால் போதும். அதன் பிறகுதான் தினமும் ஆள் வேண்டும். மொட்டு வந்த மூன்றாம் நாள் பறிக்காவிட்டால் காளான் முற்றிக் கெட்டுவிடும். எனவே ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு புதுப் படுக்கை போட்டுவிட்டால், திரும்பி வரும்போது முதல் அறுவடை காத்திருக்கும். இரண்டு மாதம் ஓய்வு தேவை என்று தெரிந்தால், 45 நாள் முன்பே படுக்கை போடுவதை நிறுத்திக் கொட்டகையைக் காலி செய்வது உத்தமம்.

திடீரென்று படுத்துவிட்டால்? வாடிக்கைக்காரரிடம் கொண்டுசேர்க்க ஆள் இல்லாதபோது, பறித்த காளானை அன்றே வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கலாம். விலை குறைவுதான். அழுகிப்போவதைவிட மேல்.

கணக்கில் இருக்க வேண்டிய 20 ரூபாய்

பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டிற்கு ஆண்டுப் பிரீமியம் ரூ.20, விபத்தில் உயிரிழந்தால் ரூ.2 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். பாம்புக்கடியும் மரத்திலிருந்து விழுவதும் இதில் அடங்கும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனதற்கான சான்று இருக்க வேண்டும். மந்திரிப்பவரிடம் போனால் உயிரும் போகும், காப்பீடும் போகும். பிரீமியம் மே மாதக் கடைசி வாரத்தில் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படுகிறது. அன்று கணக்கில் பணம் இல்லையென்றால் பாதுகாப்பு நின்றுவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வந்த பிறகு தேடி அலைவதில் பயனில்லை. வருமானச் சான்று பெற்று முன்பே பதிந்துகொள்ள வேண்டும். மாட்டுக் காப்பீடு உள்ளவர்கள் காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மாற்றுவில்லை போட்டுக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாத மாட்டிற்கு இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

பால் பணம் வரும் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் நினைவிழந்து கிடக்கும்போது மருந்துச் செலவிற்குக்கூட அதை எடுக்க முடியாது. கணவன் மனைவி இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். வாரிசு நியமனம் வேறு விஷயம்; அது இறப்பிற்குப் பிறகே பயன்படும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. சட்டப்படி வாரிசுகளின் உரிமை அதனால் அற்றுப்போவதில்லை. அண்ணன் தம்பிகள் நிறைந்த வீடுகளில் இதை முன்பே பேசித் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பொங்கல் கழிந்து தொழில் நடத்தும் பெண் இரண்டு நாள் தாய்வீடு போய் வரட்டும். நோட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகட்டும். அந்த இரண்டு நாளில் வீட்டார் தொலைபேசியில் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் திரும்பி வந்ததும் அந்த நோட்டில் பதிலோடு எழுதிவிட வேண்டும்.