கரீபியன் தீவில் படகு வேலை – போகலாமா?



எங்க லயனில் ஒரு அண்ணன் இருக்கிறார். பிளஸ் டூ முடித்தவர். போன வருஷம் அவர் போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. நீலக் கடல், வெள்ளைப் படகு. ‘கரீபியன் தீவுகளில் உல்லாசப் படகில் வேலை, சம்பளத்தோடு ஊரும் சுற்றலாம்’ என்று போட்டிருந்தது. அவங்க அம்மா கொழுந்து எடுத்துச் சேர்த்த சீட்டுப் பணம் 40,000 ரூபாயை ஏஜென்டுக்கு அனுப்பினார். அதற்கப்புறம் அந்த ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை. அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா என்று நான் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கரீபியன் எங்கே இருக்கிறது?

நம்ம பையன்கள் சொல்லும் வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் டீம் இருக்கிறதே, அந்தத் தீவுகள்தான். வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே உள்ள கடலில் இருக்கின்றன. 1492-இல் அங்கே போன கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்தார். அதனால்தான் அந்தப் பெயர். புவியியலில் படித்த வியாபாரக் காற்று அங்கே கிழக்கிலிருந்து வீசிக்கொண்டே இருக்கும். பாய்மரப் படகுக்கு அது ரொம்ப வசதி. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

என்ன வேலை?

வேலை நிஜமாகவே இருக்கிறது. நாம் ஜீப்பை வாடகைக்கு எடுப்பது போல, பணக்காரர்கள் படகை ஆட்களோடு ஒரு வாரம் வாடகைக்கு எடுப்பார்கள். கேப்டன், சமையல்காரர், உதவியாட்கள் இருப்பார்கள். பாய் ஏற்ற வேண்டும், கயிறு இழுக்க வேண்டும், நங்கூரம் போட வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட இடத்தை எல்லாம் கழுவித் துடைக்க வேண்டும். மூன்று வேளை சமையல், படுக்கை விரிப்பது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் உண்டு. ராத்திரியில் நங்கூரம் நகர்ந்துவிடாமல் காவல் இருக்க வேண்டும். விருந்தாளிகள் போன பிறகுதான் தீவைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. ஊட்டிக்கு வருகிறவர்கள் காரை நிறுத்தி, “எவ்வளவு பச்சை!” என்று தேயிலையைப் போட்டோ எடுப்பார்கள். அம்மா காலில் அட்டை கடித்துக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவருக்கு அழகு, வேலை செய்கிறவருக்கு வேலை. அங்கேயும் அப்படித்தான்.

பெண்களால் முடியுமா?

முடியும். நம் கடற்படையின் தாரிணி என்ற 17 மீட்டர் பாய்மரப் படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து கிளம்பினார்கள். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-இல் திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல். காற்றுதான் படகை ஓட்டியது. படகில் இரண்டே பேர். பாய் கட்டியது, சமைத்தது, ரிப்பேர் பார்த்தது எல்லாம் அவர்கள்தான். ஆனால் அதற்கு முன்னால் வருஷக் கணக்கில் பயிற்சி எடுத்தார்கள்.

முன்பே போன தமிழர்கள்

கரீபியனுக்கு நம்மவர்கள் போவது புதுசு இல்லை. 1853-இல் மார்ட்டினிக் தீவுக்கும் 1854-இல் குவாடலூப் தீவுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்களைக் கப்பலில் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். புதுச்சேரி, காரைக்காலில் கப்பல் ஏற்றினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேப்பரில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போனார்கள். பலர் திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் அங்கே மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியுமே!

கப்பல், படகு வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை:

1. பாஸ்போர்ட்டோடு சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகமும் வேண்டும்.

2. தீ அணைப்பது, கடலில் உயிர் பிழைப்பது, முதலுதவி ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். மருத்துவச் சான்றிதழும் வேண்டும்.

3. ஆள் எடுக்கும் கம்பெனிக்கு மத்திய அரசின் கப்பல் துறை கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் இருக்க வேண்டும். அந்தத் துறையின் இணையதளத்தில் அது சரியா என்று பார்க்கலாம்.

4. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. இது சட்டம்.

5. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

அந்த அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. அவங்க அம்மா யாரையும் திட்டவில்லை. திரும்பவும் முதலிலிருந்து சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறார்.

தோழிகளே, கடல் நமக்கு தூரம்தான். ஆனாலும் போகலாம். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு போன் வந்தால் முதலில் உரிம எண்ணைக் கேளுங்கள். பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி