தேயிலை மண்ணில் எழும் வாயுவை நனோகுழாய் உடைக்குமா?

வன்னியில் வயலுக்கு எறியும் யூரியாதான் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தேயிலைக்கும் போகிறது. அதிலுள்ள நைதரசன் முழுவதையும் செடி எடுப்பதில்லை. மிஞ்சுவதில் ஒரு பகுதியை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைதரசு ஒட்சைட்டு வாயுவாக்குகின்றன. தேயிலை மண்ணின் அமிலத்தன்மையும் சப்ரகமுவவின் மழையும் இதற்குச் சாதகம். நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, இவ்வாயு காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு புவியைச் சூடாக்கும்.

இதை உடைக்க ஆய்வாளர்கள் முன்வைக்கும் வழிகளில் ஒன்று, உலோகம் பதித்த காபன் நனோகுழாய். கேகாலை மக்களுக்கு போகல சுரங்கத்துக் காரீயம் தெரியும். அது தாள் தாளாக அடுக்கிய காபன். அதில் ஒரு தாளைச் சுருட்டினால் எப்படி இருக்குமோ, அதுதான் நனோகுழாய். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா இதன் அமைப்பை விளக்கிய பிறகே உலகின் கவனம் இதன்மீது திரும்பியது.

குழாய்ச் சுவரில் இரும்பு, செம்பு போன்ற உலோக அணுவைப் பதிக்கிறார்கள். நைதரசு ஒட்சைட்டு அதில் ஒட்டியதும் ஒட்சிசன் உலோகத்தில் தங்க, தீங்கற்ற நைதரசன் வெளியேறும். பிறகு காபனோரொட்சைட்டு அந்த ஒட்சிசனை எடுத்துக்கொண்டு காபனீரொட்சைட்டாகும். உலோகம் மீண்டும் வெறுமையாகி அடுத்த மூலக்கூறை ஏற்கும். தான் தீராமல் வேலையை முடித்துத் தருவதால் இது ஊக்கி. காபனீரொட்சைட்டும் பச்சைவீட்டு வாயுதான். ஆனால் 273 பங்கு பாதிப்பு ஒன்றாகக் குறைகிறது.

நான் வாசித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கணினிக் கணிப்புகள். நடைமுறைக்கு வந்தாலும் இது புகைபோக்கிக்கான தீர்வு. நைத்திரிக் அமிலத் தொழிற்சாலைகளில் இன்று வேறுவகை ஊக்கிகள் இவ்வேலையைச் செய்கின்றன. மலைச்சரிவெங்கும் மண்ணிலிருந்து கசியும் வாயுவை எந்தக் குழாய்க்குள் பிடிப்பது?

தோட்டத்துக்கான வழி எளியது: உரத்தை அளவோடு, பல தடவையாகப் பிரித்து, பெருமழைக்கு முன் தவிர்த்துப் போடுவது. 2019 ஒக்டோபரில் வெளியான கொழும்புப் பிரகடனம், வீணாகும் நைதரசனை 2030க்குள் பாதியாக்க வேண்டும் என்றது. ஆனால் 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டது. வயலிலும் விளைச்சல் விழுந்தது, தோட்டத்திலும் விழுந்தது.

கொழுந்து குறைந்தால் கேட்ட நிறை வராது. நிறை வராவிட்டால் தொழிலாளிக்கு அரைப்பேர். ஆகவே வாயுவைக் குறைக்கும் எந்தத் திட்டத்திடமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: அதன் விலையை யாருடைய சம்பளத்தில் கழிக்கப் போகிறீர்கள்?