படுத்தால் வராத தூக்கம்

கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “பேசாம படுங்க.” அவரும் படுக்கிறார். காலையில் படுக்கிறார், சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார், டிவி பார்த்தபடி படுக்கிறார். இரவு இரண்டு மணிக்கு வீடே குறட்டை விடும்போது அவர் மட்டும் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. கண் மட்டும் மூடமாட்டேன் என்கிறது.

இது அவருக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கீமோ எடுத்துக்கொண்ட 823 பேரைப் பற்றி 2010-ல் எழுதினார்கள். நான்கில் மூன்று பேருக்கும் மேல் தூக்கத் தொல்லை. காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் விழிக்கவைக்கும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென், நடுராத்திரியில் குப்பென்று உடம்பைச் சூடாக்கி வியர்க்கவைக்கும். வலி, பயம், அடுத்த ஸ்கேன். இவற்றில் எதுவும் நோயாளியின் கையில் இல்லை. பகலெல்லாம் படுத்துக் கிடப்பதை வேண்டுமானால் கொஞ்சம் மாற்றலாம்.

ஏனென்றால் சோர்வு வேறு, தூக்கம் வேறு. விழித்திருக்கும் மூளை ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழிக்கச் செலவழிக்க, அடுப்புச் சாம்பல் போல அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது. நரம்புச் செல்களில் அதற்கென்று இருக்கைகள் உண்டு. அவை நிரம்ப நிரம்பத் தூக்கம் சொக்கும். (காபி செய்வதெல்லாம், பஸ்ஸில் துண்டு போடுவதுபோல அந்த இருக்கைகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதுதான்.) தூங்கினால் சாம்பல் குறையும். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியவர், இரவுக்கென்று சேர்த்ததை அப்போதே செலவழித்துவிடுகிறார். உடலை அசைத்தாலோ கணக்கு மறுபக்கம் போகிறது: கடுமையாக ஓடவிட்ட எலிகளின் மூளையில் அடினோசின் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி கால் பாதத்தில் இருக்கிறது. உடலின் உட்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் வருகிறது. அந்தச் சூடு கைகால் தோல் வழியாக வெளியேறுகிறது. பாதம் கதகதப்பாக இருப்பவர் சீக்கிரம் தூங்கிவிடுகிறார் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-ல் காட்டினார்கள். உடற்பயிற்சி உட்சூட்டை ஏற்றும். பிறகு அது இறங்கும் சரிவில் தூக்கம் எளிதாக வரலாம் என்பது ஒரு விளக்கம். எனக்குப் பிடித்த விளக்கம் என்றாலும், முழுக்கதையும் அதுவே என்று சொல்லமாட்டேன்.

சரி, உடலை அசைப்பது நோயாளிகளிடம் பலித்ததா? ராச்செஸ்டர் குழுவே 2013-ல் ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டது. சிகிச்சை முடிந்தும் தூக்கம் கெட்டிருந்த 410 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மறுபாதிக்கு அதோடு யோகா. வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 75 நிமிடம், நான்கே வாரம். தலைகீழாக நிற்கும் வித்தையெல்லாம் இல்லை: மெல்லிய ஆசனங்கள், மூச்சுப் பயிற்சி, தியானம். இரு தரப்புக்கும் தூக்கம் கொஞ்சம் தேறியது. யோகா செய்தவர்களுக்கு அதிகம். நம்பிக்கை தந்த விஷயம் மாத்திரைக் கணக்கு. யோகா தரப்பில் தூக்க மாத்திரை குறைந்தது, மற்றவர்களிடம் சற்று ஏறியது.

2017-ல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் இன்னும் துணிச்சலான ஒப்பீட்டைச் செய்தார்கள். தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் மனநலப் பயிற்சியான சிபிடி ஒரு பக்கம். நின்றபடி மெதுவாக எடை மாற்றிக் கை அசைக்கும் தை சி சி மறுபக்கம். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 90 பெண்கள். பதினைந்தாவது மாதத்தில் தெளிவான பலன் கண்டவர்கள் சிபிடியில் 43.7 சதவீதம், தை சி சியில் 46.7 சதவீதம். அசைவு சளைக்கவில்லை.

ஒரு குறை உண்டு. இரண்டு சோதனைகளிலும் பெரும்பாலோர், சிகிச்சையை முடித்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள். அதோடு, யோகா செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரியாமல் இருக்காது. நம்பிக்கையின் பங்கையும் கழிக்கவேண்டும்.

எலும்புக்கு நோய் பரவியிருந்தாலோ, தட்டணுக்கள் இறங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, எந்த அளவு அசையலாம் என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். கீமோ ஏற்றிய நாளில் தெருமுனைவரைகூட நடக்க முடியாமல் போகலாம். முடிகிற நாளில் காலையிலேயே போய் வந்தால், கண்ணில் படும் வெளிச்சம் உடற்கடிகாரத்தையும் சரிசெய்யும். திரும்பி வந்து அரைமணி படுத்துக்கொள்வதில் தவறொன்றும் இல்லை.