லாப்ரடார் வளரும் இல்லத்தில் ஒருவர் நோயுற்றால்

மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் கொட்டிவாக்கத்திலிருந்து ஓர் அம்மையார் எங்கள் பொது மருத்துவப் பிரிவுக்கு வந்திருந்தார். வயது 68. நீரிழிவுக்கான வழக்கமான பரிசோதனைக்கு வந்தவர். மாலையில் கடற்கரைக்கு அழைத்துச் சென்றபோது அலையைக் கண்ட லாப்ரடார் பாய்ந்திருக்கிறது. கையில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்த வார் அவரைக் கீழே இழுத்துவிட்டது. நாயை வாங்கி வளர்த்த மகன் பணி நிமித்தம் வெளிநாடு சென்றுவிட்டார். எலும்பு முறிந்ததைச் சொன்னபோது கலங்காதவர், “இதை யாரிடமாவது கொடுத்துவிடத்தான் வேண்டுமா, டாக்டர்?” என்று கேட்டபோது கண் கலங்கினார்.

இக்கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். விடை கூறுமுன் அந்நாயின் இயல்பை அறிவது நலம்.

நம் மண்ணின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பவை. லாப்ரடார் வேறு வகை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்க்கு உதவிய நாய்களின் வழிவந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சுட்டு வீழ்த்திய பறவையை நீந்திச் சென்று சிதையாமல் கவ்விவரப் பழக்கப்பட்டது. அந்நாட்டின் கென்னல் கிளப் 1903இல் இதனைத் தனி இனமாக ஏற்றது. நாளெல்லாம் உழைப்பதற்கென்றே அமைந்த உடல் அது. அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் அதற்கு வேலை இல்லை. அலையை நோக்கிப் பாய்ந்தது குறும்பு அன்று, பிறவிக்குணம்.

ஆகவே, “நாயை வைத்துக்கொள்வதா, கொடுப்பதா?” என்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இதன் அன்றாட வேலையை இனி யார் செய்வது?” இதற்கு விடை கிடைத்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நாயைப் பிரிய வேண்டிய தேவை எழுவதில்லை. வலியும் கவலையும் மிகுந்த வாரங்களில் எம்முடிவும் எடுக்காதீர்கள்.

வளர்ந்த லாப்ரடார் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது. எலும்பின் அடர்த்தி குறைந்தவர், தலைச்சுற்றல் உடையவர், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர் ஆகியோர் அதனை வெளியே அழைத்துச் செல்லலாகாது. எவராயினும் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மார்பின் முன்புறம் வளையம் உள்ள மார்புப்பட்டையை அணிவித்தால் இழுக்கும் வேகம் குறையும். குளிர்நீருக்கென அமைந்த இரட்டை அடுக்கு முடி சென்னை வெயிலுக்கு ஏற்றதன்று. விடியற்காலையும் பொழுது சாய்ந்தபின்னும் மட்டுமே நடத்துங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அக்காலத்தில் மணலில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

கவ்வுவது இதன் தொழில். நோயாளியின் மாத்திரை அட்டைகளும் இன்சுலின் ஊசிகளும் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நமக்கு நன்மை தரும் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகலாம்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்றம் பெற்றோரும் நாயின் கழிவை அள்ளுவதும், முகத்தை நக்க விடுவதும் கூடாது. தொட்டபின் சோப்பால் கை கழுவவேண்டும். ஆஸ்துமா உள்ளவரின் படுக்கையறைக்குள் நாயை அனுமதிக்காதீர்கள். வீட்டில் நாய் இருப்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். ரேபிஸ் தடுப்பூசியுடன், மழைக்காலத்தில் பரவும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி நாய்க்குப் போட்டுவிடுங்கள்.

விளையாட்டில் பல் பட்டுக் கீறினாலும் அலட்சியம் வேண்டா. ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் தடவாதீர்கள். நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறோமே என்று எண்ணாமல் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். தேவையென அவர் கருதினால், தோலினுள் போடும் முறையில் முதல் நாளும், பின்னர் 3, 7, 28ஆம் நாள்களிலும் தடுப்பூசி போடப்படும். ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றியபின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாது. முன்னரே தடுப்பது நம் கையில் உள்ளது.

எல்லா வீடுகளிலும் வழி பிறப்பதில்லை. அக்கறையுள்ள வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்க நேர்ந்தால் அது குற்றமன்று. தெருவில் விட்டுவிடுவதே குற்றம்.

அந்த அம்மையாருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து சிகிச்சை தொடங்கினோம். எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர் காலையும் மாலையும் நாயை நடத்திச் செல்கிறார். உணவை அளந்து வைப்பதும், முடியைச் சீவிவிடுவதும், பந்தை எறிந்து எடுத்துவரச் செய்வதும் அம்மையாரின் பொறுப்பு. சென்ற முறை வந்தபோது மாவுக்கட்டு இல்லை. புடவையில் மட்டும் வெளிர்மஞ்சள் முடிகள் சில ஒட்டியிருந்தன.