பற்றை வளர்ந்தால் காடாகுமா?

1990 முதல் 2020 வரை உலகம் 17.8 கோடி ஹெக்டேயர் காட்டை இழந்தது என்கிறது ஐ.நா. உணவு விவசாய நிறுவனம். ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பயிருக்காகவும் மேய்ச்சலுக்காகவும் காடு அழிகிறது. ஐரோப்பாவிலோ பெருகியுள்ளது, நட்டதால் மட்டுமல்ல, உழவர் கைவிட்ட வயல்களில் மரம் தானாகவும் எழுந்தது.

ஆள் போன இடத்தில் மரம் எழுவதைத் தெல்லிப்பழையிலும் கண்டோம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பியோர் தம் வளவின் எல்லையையே பற்றைக்குள் தேட நேர்ந்தது. (வானிலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான்!) ஐரோப்பிய உழவர் பிழைப்புத் தேடி நகருக்குப் போனார், எம்மவர் உயிர் தப்ப ஓடினர். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதலாமா?

எமது குடாநாட்டில் பெருங்காடு இல்லை. பனையே எமக்குக் காடு. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காக அது பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டது. விவசாய நிலத்தையும் குடியிருப்பையும் அந்நிறுவனம் காடாகக் கொள்வதில்லை. ஆகவே வளவுப் பனை அதன் கணக்கில் ஏறாது. நாம்தான் எண்ணிக் காக்க வேண்டும்.

வீடு கட்டப் பற்றையை வெட்டத்தான் வேண்டும். ஆனால் பெக்கோ இயந்திரத்துக்குப் பற்றையும் வடலியும் ஒன்றுதான். ஒரு வடலி பாளை விடப் 12 ஆண்டுகளுக்கு மேலாகும். இயந்திரத்தை இறக்குமுன் வளவைச் சுற்றி நடந்து, நிற்கும் வடலிகளுக்குத் துணி கட்டி அடையாளமிடுங்கள்.