சிறைக்குள் ஒரு கேள்வி

பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் பவனி வரும் நாளன்று, நீர்மோரும் பானகமும் வாங்கிக் குடித்தபடி மயிலாப்பூர் மாட வீதிகளில் நகரும் ஜனங்களில் எத்தனை பேர் மெய்ப்பொருள் நாயனாரைத் தனியே இனங்கண்டு வணங்குகிறார்களோ தெரியாது. ஆயினும் குற்றத்தையும் தண்டனையையும் பற்றிச் சிந்திப்பவர்கள் அந்த விக்கிரகத்தின் முன் சற்றே நிற்பது தகும். சிவவேடம் தரித்து வந்த பகைவன் முத்தநாதன், சுவடிக்கட்டில் ஒளித்துக் கொண்டுவந்த கத்தியால் தம்மைக் குத்திய பிறகும், அவனை வெட்டப் பாய்ந்த காவலன் தத்தனைத் தடுத்து, ஊரார் கையில் சிக்காமல் அவனைக் கொண்டுபோய் விட்டு வரும்படி பணித்தார் மன்னரான அந்த நாயனார் என்றும், அது நிறைவேறிய செய்தி காதில் விழும்வரை உயிரைத் தாங்கி நின்றார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. க்ஷமைக்கு இதைவிட உயர்ந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. எனினும் அன்றிரவு முத்தநாதன் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைப் புராணம் விசாரிக்கவில்லை. இக்காலத்தில் சீரமைப்பு நீதி என்று வழங்கப்படும் முறையோ அந்த விசாரணையிலிருந்துதான் தொடங்குகிறது.

நமது நீதிமன்றங்களில் குற்றம் என்பது அரசாங்கத்துக்கு எதிராக இழைக்கப்பட்டதாகக் கருதப்படுவதால், வழக்கு அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையே நடக்க, மகனைப் பறிகொடுத்த தாய் சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி இறங்கிவிடுகிறாள். ஏன் என் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தாய், கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று அவள் மனம் இரவெல்லாம் கேட்கும் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. குற்றவாளியும் வக்கீலின் பின்னால் வாய்மூடி நின்று, பிறகு சிறையில் நாட்களை எண்ணுகிறானேயன்றி, தான் யாருக்கு என்ன செய்தான் என்பதை நேருக்கு நேர் சொல்ல அவனை எவரும் கேட்பதில்லை. 1974-ஆம் ஆண்டு கானடாவில், ஒன்டாரியோ மாகாணத்து எல்மைரா என்னும் சிற்றூரில் ஒரே இரவில் 22 இடங்களில் நாசம் விளைத்த இரு இளைஞர்களை, மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரி, நீதிபதியின் சம்மதத்தோடு, பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே அழைத்துச் சென்று பேசவும் நஷ்டத்தைத் தீர்க்கவும் வைத்தார். இம்முறையின் நவீன சரித்திரம் அதிலிருந்தே சொல்லப்படுகிறது. நடுவர் ஒருவர் இரு தரப்பையும் தனித்தனியே பலமுறை கண்டு பேசி, இருவரும் மனமொப்பினால் மாத்திரமே சந்திக்க வைப்பது என்பது பிற்பாடு ஏற்பட்ட ஒழுங்கு.

தமிழ்நாட்டில் இதற்கு மிக அருகில் வரும் சம்பவம் 2008 மார்ச் 19 அன்று வேலூர்ப் பெண்கள் சிறையில் நிகழ்ந்தது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் தந்தை ராஜீவ் காந்தியை இழந்த பிரியங்கா, அக்கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த நளினியை எவருமறியாமல் வந்து சந்தித்தார். நளினி, மயிலாப்பூரை அடுத்த இராயப்பேட்டையில் வளர்ந்தவர். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, சோனியா காந்தியின் இசைவோடு, 2000-ஆம் ஆண்டில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டிருந்தது. என் தந்தையை ஏன் கொன்றீர்கள் என்று கேட்டு பிரியங்கா அழுததாக நளினி பிற்காலத்தில் தெரிவித்தார். சந்திப்பு வெளியே தெரிந்தபோது, தாம் அனுபவித்த வன்முறையோடும் இழப்போடும் சமாதானம் காணத் தமக்குத் தோன்றிய வழி அது என்ற கருத்தில் பிரியங்கா பதிலளித்தார். அரசியல் தந்திரம் என்று அன்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. பதினேழு ஆண்டுகள் ஒரே கேள்வியைச் சுமந்த ஒருவர் அதை இறக்கிவைக்க வந்தார் என்று கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் அன்றிரவு மாண்டவர் ஒருவர் மட்டுமா? பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள், கட்சித் தொண்டர்கள், தலைவர் முன் கவிதை சொல்ல வந்த ஒரு சிறுமி, அவள் தாய் என்று பத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் குண்டுவெடிப்பில் மடிந்தார்கள். குண்டின் சிதறல்களை உடம்பில் தாங்கிப் பிழைத்த பெண் காவல் அதிகாரி ஒருவர், அவ்வழக்கின் கைதிகளின் விடுதலையைப் பகிரங்கமாக எதிர்த்துவந்தார். 2022 மே மாதத்தில் அவர்களில் ஒருவரான பேரறிவாளனையும், நவம்பர் 11 அன்று நளினி உள்ளிட்ட மற்ற அறுவரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது அவர் கொண்ட கோபத்தை வெறும் துவேஷம் என்று ஒதுக்குவது பெரும் அநீதி. மன்னிக்கும்படி எவரையும் வற்புறுத்தச் சீரமைப்பு நீதி முறைக்கு அதிகாரமில்லை; தலைவரின் குடும்பம் மன்னித்ததனால் காவலரின் குடும்பமும் மன்னித்ததாக ஆகிவிடாது.

இன்னொரு வரலாறும் உண்டு. 1995-இல் மத்தியப் பிரதேசத்தில், ஓடும் பேருந்தில் ராணி மரியா என்ற கேரளக் கன்னிகாஸ்திரீயைக் குத்திக் கொன்ற சமுந்தர் சிங்கை, 2002-இல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால் இந்தூர்ச் சிறைக்குச் சென்று கண்டு, கையில் ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். பின்னர் அக்குடும்பத்தின் வேண்டுகோளும் துணைநிற்க விடுதலையான சமுந்தர் சிங், கேரளத்துக்குப் போய் ராணி மரியாவின் தாயின் முன் நின்றார்.

மகான்களின் செயல் என்று இவற்றை எட்டத்தில் வைத்துவிட வேண்டியதில்லை. லண்டனில் கொள்ளைக்கும் திருட்டுக்கும் ஆளான சாமானியர்களிடையே நடந்த ஓர் ஆராய்ச்சியில், குற்றவாளியைச் சந்தித்தவர்களுக்கு, சந்திக்காதவர்களைக் காட்டிலும், அதிர்ச்சியின் பின்விளைவான பீதியும் மனக்கலக்கமும் குறைந்திருந்தன. சிறைவாசியின் மனமும் ரணம்பட்டதுதான்: அடியும் பட்டினியும் கண்டு வளர்ந்தவன் பிறனை அடிக்கக் கற்பது அபூர்வமன்று. 1975-இல் ஜெய்ப்பூர்ச் சிறையிலும் பின்னர் திஹார் சிறையிலும் நடந்த விபாசனைத் தியான முகாம்கள் இந்த ரணத்தை ஆற்ற முயன்றவை. ஆனால் கண்மூடி உட்காரும் கைதி தன்னைத்தான் காண்கிறான், தன்னால் பாதிக்கப்பட்டவரைக் காண்பதில்லை.

அவ்வாறு காண்பதற்கு இங்கே வழி உண்டா? 2006-இல் சென்னையின் பழைய மத்திய சிறைக்குப் பதிலாகப் புழலில் புதிய சிறை வந்தது. அடையாற்றிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ நகரத்தைக் குறுக்கே கடந்து அங்கே போகிறவர்கள் சிறைவாசியின் தாய், மனைவி, தம்பி முதலியோர். மனு பார்ப்பது என்று அவர்கள் சொல்லும் அந்தச் சந்திப்புக்கான விதிகள் உறவினர், நண்பர், வக்கீல் ஆகியோரை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டவை. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு வழங்கக் குற்றவியல் சட்டத்தில் 2008-இல் திருத்தம் வந்தது. பணத்துக்கு வழி செய்த சட்டம் கேள்விக்கு வழி செய்யவில்லை. பிரியங்காவுக்கு வேலூரில் கதவு திறந்தது அவர் பெயரினால். பெயரில்லாத ஒரு தாய், என் மகனை ஏன் கொன்றாய் என்று கேட்க மனுப் போட்டால், அந்தப் படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் அவள் எதை எழுதுவாள்?